குளத்துக்கு அங்கால கட்டிய நாய்கள்

அன்றைய கூட்டத்தில் நாய்களைப் பற்றிப் பேச்சு எழும் என்று எங்களில் யாரும் நினைத்திருக்கவில்லை.

போர் முடிந்து, சனங்கள் காடாகிப்போன தங்கள் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். மன்னாருக்குத் தெற்கே, முசலிப் பக்கத்தில் ஒரு கந்தோர், அரசாங்க அலுவலகம். சுவரில் பூசிய வெள்ளையின் மணம் இன்னும் போகவில்லை. கோடையில் வீசும் சோளகக் காற்று யன்னலால் செம்மண்ணை அள்ளி வந்து பிரதேச செயலாளரின் மேசையில் போட்டது. அவர் ஒரு சின்னத் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவரை எல்லோரும் டி.எஸ். என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

மேசைக்கு ஒரு பக்கம் நானும் சுகந்தியும். மறுபக்கம் பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் காசிம் ஹாஜியாரும் ஊரவர் இருவரும். கதிரை போட்டுக் கொடுத்தும் இருக்காமல் கதவடியில் நின்றவர் ரங்கன்னா. குளத்தடியில் கூடாரம் போட்டிருந்த நாடோடிக் குடும்பங்களுக்குத் தலைவர் அவர்தான்.

விஷயம் இதுதான். குளத்தடி மருத மரத்தின் கீழ் அந்தக் குடும்பங்கள் வருடத்தில் ஒரு கிழமை, ஏழே ஏழு நாள், வந்து தங்கலாமா, அல்லது நிலம் முழுவதையும் முள்ளுக்கம்பி அடித்து மூடிவிடுவதா?

ஹாஜியார் எழுந்து தொப்பியைச் சரி செய்தார்.

“சேர், எனக்கு இவங்களோட ஒரு கோவமும் இல்ல. நாய்தான் பிரச்சின.”

சுகந்தி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். அவளுடைய பயிற்சிக்காலம் முழுவதும் அந்த ஒரு மரத்தடியில் வந்து நின்றது. அந்த நாய்க் கதையைச் சொல்லமுதல் இந்தச் சுகந்தி யார் என்று சொல்லவேண்டும்.

கழுதையோடு ஒரு பேச்சு

மன்னார் பட்டினத்தில் எங்களுடையது ஒரு சின்ன மனித உரிமைக் கந்தோர். காணி கிடைக்காதவர்கள், பிள்ளையைத் தேடுபவர்கள், கிணற்றில் குண்டு கிடப்பதாகச் சொல்ல வருபவர்கள் என்று காலையிலேயே வாசல் நிறைந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்புத் தலைமையகத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள், ஒரு பயிலுநர் வருகிறார் என்று.

ஐரோப்பாவில் ரோமா என்றொரு நாடோடி இனம் இருக்கிறதாம். அந்த இனத்துப் பிள்ளைகளை மனித உரிமைக் கந்தோர்களில் சேர்த்துப் பழக்குகிறார்களாம். நாங்களும் அப்படிச் செய்வோம் என்று கொழும்பில் யாருக்கோ குளிரூட்டிய அறையில் ஞானம் பிறந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வேலை கழுத்துமட்டும் கிடக்கிறது, இதற்குள் ஒரு பிள்ளையையும் கட்டி மேய்க்கவேண்டுமா?

அந்த ஆத்திரத்தோடேயே பஸ் நிலையத்துக்குப் போனேன்.

மன்னார்க் கழுதைகளைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பட்டினத்தில் அவை ஆருக்கும் சொந்தமில்லை, ஆருக்கும் பயமுமில்லை. நடுத்தெருவில் படுக்கும். வங்கி வாசலில் படுக்கும். அன்று ஒன்று பஸ் நுழையும் வழியில் படுத்திருந்தது. சாரதி கோன் அடிக்கிறார், நடத்துனர் கத்துகிறார், அது அசையவில்லை. அதன் பக்கத்தில் பையைத் தோளில் மாட்டிய ஒரு பெண்பிள்ளை குந்தியிருந்து, காதடியைச் சொறிந்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

“என்ன பாஷை பிள்ளை அது?”

“தெலுங்கு, அக்கா. எங்கட வீட்டுப் பாஷை.”

“கழுதைக்குத் தெலுங்கு விளங்குமோ?”

“தமிழ் விளங்கின மாதிரித் தெரியல்லயே. எவ்வளவு நேரமாச் சொல்றாங்க, எழும்பல்ல.”

கழுதை எழும்பியது. தற்செயல்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் சாரதி அவளுக்குக் கை காட்டிவிட்டுப் பஸ்ஸை உள்ளே விட்டார், நடத்துனர் எனக்கும் சேர்த்து ஒரு வணக்கம் போட்டார். என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, அதை அவளிடம் காட்டிக்கொள்ளத்தான் கொஞ்சக் காலம் எடுத்தது.

அவளுடைய முன்னோர்கள் கழுதையில் சாமான் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள். பாம்பாட்டம், கைரேகை, குரங்காட்டம். ஊரார் குறவர் என்பார்கள். அவள் தன்னைத் தெலுங்குப் பிள்ளை என்றுதான் சொல்வாள். அவளுடைய பெற்றோர் கிழக்குக் கரையில் ஒரு கிராமத்தில் வீடு கட்டி அமர்ந்துவிட்டார்கள். அவள் தமிழில் படித்து, உயர்தரப் பரீட்சை எழுதி, எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

எல்லோரும் கேட்கும் கேள்வி

விஷயம் கந்தோரில் பரவியதும் ஆளாளுக்குக் கையை நீட்டத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் கள அலுவலர் டொமினிக் தீவுப் பக்கத்தவன், நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம். முதலில் நீட்டியவன் அவன்தான்.

“ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ தங்கச்சி, வெளிநாட்டுப் பயணம் கிடக்கோ?”

சுகந்தி அவன் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, வெகு நேரம் பார்த்தாள். பிறகு ஒரு பெரிய கோப்புக் கட்டைத் தூக்கி அந்தக் கையில் வைத்தாள்.

“பின்னேரம் வரைக்கும் நிறைய வேலை இரிக்கி அண்ணே.”

அதோடு ரேகை பார்க்கிற கதை நின்றது. ஆனால் அன்று தேநீர் குடிக்கும்போது அவள் வேறு ஒன்று சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

“ஒரு ஊருக்குப் போய் இறங்கினா எங்கட ஆக்களிட்ட எல்லாரும் முதல் கேக்கிறது ஒண்டுதான் அக்கா. எப்ப போவீங்க எண்டு. அம்மாட அம்மா காலத்திலயும் அதுதானாம். இப்ப வீடு கட்டி இரிக்கிறம், அப்பயும் சந்தைக்குப் போனாக் கேக்கிறாங்க.”

இன்னொரு தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

இதில் என் கதையும் கொஞ்சம் இருக்கிறது. நான் நானாட்டான் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் ஒரு மனிதரைப் பற்றி விசாரித்தால் முதல் கேள்வி, ஆளுக்கு எவ்வளவு காணி கிடக்கு என்பதுதான். போருக்குப் பிறகு ஊர் திரும்பியபோது என் அப்பா கூரையில்லாத வீட்டை எட்டியும் பார்க்காமல் நேரே வயலுக்குப் போய் வரம்பில் இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அவருடைய மகள் நான். காணியில்லாமல் ஒரு உரிமை இருக்கலாம் என்பது என் மண்டைக்குள் இலகுவில் ஏறாது. அதை ஏற்ற வந்தவள் இந்தப் பெண்பிள்ளை.

எந்த வருடம் இடம்பெயர்ந்தீர்கள்?

முசலிக் கரையோரத்து முஸ்லிம் சனங்கள் வெளியேற்றப்பட்டு, இருபது வருடமளவில் புத்தளத்தில் அகதிகளாக இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. பற்றையை வெட்டினால் ஒரு வீட்டு அத்திவாரம் தெரியும், அதன் மேல் தறப்பாள் துணியால் கூரை கட்டி இருப்பார்கள். எங்கே பார்த்தாலும் தறப்பாள்.

அப்படி ஓர் ஊரில்தான் குளத்தடியிலும் சில தறப்பாள்களைக் கண்டோம். நான் திரும்பி வந்த சனங்கள் என்று நினைத்து இறங்கி, சமைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வழக்கமான கேள்விகளை அடுக்கினேன். வீட்டில் எத்தனை பேர், எந்த வருடம் இடம்பெயர்ந்தீர்கள்.

அவள் விழித்தாள். சுகந்தி ஒரு கணம் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் அகப்பையைப் போட்டுவிட்டு எழும்பி வந்து சுகந்தியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கேள்வி தெலுங்கில் போனது. கூடாரம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது.

“என்னவாம்?”

“எல்லா வருசமும் எண்டு சொல்றா அக்கா.”

அவர்கள் அநுராதபுரத்துப் பக்கத்துத் தெலுங்குச் சனம். முன்பின் அறியாதவர்கள். ஆனாலும் அரை மணித்தியாலத்துக்குள் சுகந்திக்கு அங்கே ஒரு சித்தியும் ஒரு மச்சானும் முளைத்துவிட்டார்கள். ரங்கன்னா என்ற பெரியவர் கதை சொன்னார். ஓர் இடத்தில் ஒரு கிழமைக்கு மேல் தங்குவது அவர்கள் வழக்கமில்லை. போருக்கு முந்தித் தகப்பனோடு ஒவ்வொரு கோடைக்கும் இந்த மரத்தடிக்கு வந்திருக்கிறார். போர் வழியை மறித்தது. இப்போதுதான் திரும்ப வந்திருக்கிறார்கள். வந்த மறுநாளே கிராம அலுவலரான விதானையார் சொல்லிவிட்டார், இந்த நிலத்துக்குக் கம்பி அடிக்கப் போகிறோம், இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று.

ஒவ்வொரு பயிலுநரும் சொந்தமாக ஒரு பிரச்சினையைத் தெரிந்தெடுத்து முடித்துக் காட்டவேண்டும் என்பது கொழும்பின் விதி. திரும்பி வரும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து சுகந்தி, “என்ட பிரச்சின கிடைச்சிட்டு அக்கா” என்றாள்.

“ஒரு கிழமையில போற ஆக்களுக்கு என்ன உரிமையடி?”

“ஒரு கிழமை இரிக்கிற உரிமை.”

நான் பள்ளங்களை விலக்கி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

டொமினிக்கின் யோசனை

அடுத்த நாள் டொமினிக் ஒரு குறுக்குவழி சொன்னான். ஊர் முழுக்கப் பாம்பு. திரும்பி வந்த சனம் கால் வைக்கப் பயப்படுகுது. ரங்கன்னாவை விட்டு ஹாஜியார் வளவில் ஒரு பாம்பைப் பிடிப்பித்தால் மனுசன் குளிர்ந்துபோய் ஓம் என்றுவிடுவார்.

சுகந்திக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். குரலை உயர்த்தவில்லை.

“பாம்பு புடிச்சாத்தான் மரத்தடியில இரிக்க விடுவாங்களா? நீங்க என்னத்தப் புடிச்சுக் குடுத்து உங்கட காணிய எடுத்தீங்க அண்ணே?”

டொமினிக்கின் குடும்பமும் முகாமில் கிடந்து திரும்பிய குடும்பம்தான். மறுநாள் காலையில் அவளுடைய மேசையில் ஒரு மீன் பணிஸ் இருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

நேர்வழியாகத்தான் போனோம். டி.எஸ். நியாயமான மனிதர். “பழைய வழக்கம் எண்டால் யோசிக்கலாம். ஆனால் அவை முந்தி வந்தவை எண்டு அந்த ஊர் ஆள் ஆராவது சொல்லவேணும். அவையே சொன்னால் போதாது” என்றார். ஊரில் பழைய ஆட்கள் பலர் புத்தளத்திலேயே மண்ணாகிவிட்டார்கள். இளம் ஆட்கள் பிறந்ததே அங்கேதான். மிஞ்சியவர் காசிம் ஹாஜியார்.

தறப்பாளுக்குக் கீழே இருந்து ஹாஜியார் எங்களுக்கு இஞ்சி போட்ட தேநீர் தந்தார். கூடவே பேரீச்சம்பழமும். உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை.

“எங்கட பொடியன்மார் ரெண்டு நாள் இங்க இருந்துட்டு, மூணாம் நாள் புத்தளத்துக்கு ஓடுறானுகள். இங்க அவனுகளுக்கு என்ன இருக்கு? அந்த எடத்துல ஒரு விளையாட்டு மைதானம் வந்தா நிப்பானுகள். ஊர் நிக்கணும் புள்ள.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. சுகந்தி, “முந்தி எங்கட ஆக்கள் இங்க வந்து போனாங்களாம், உங்களுக்கு நினைவிருக்கா?” என்று கேட்டாள்.

“எத்தினயோ பேர் வந்து போனாங்க” என்றார் ஹாஜியார். “ஊருக்குச் சொந்தமான ஆக்கள் வேற, வந்து போறவங்க வேற. இன்னம் ஒரு பேரீச்சம்பழம் எடு.”

அவள் எடுத்தாள். வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள்.

கூட்டம்

இப்போது அந்த மேசைக்குத் திரும்புவோம். நாய்தான் பிரச்சினை என்று தொடங்கிய ஹாஜியார் நிறுத்தவில்லை.

“மூணு நாளா இவங்கட நாயள் பள்ளிவாசல் வாசலுக்கு வருது. தொழ வாற இடம். கழுவி மாளல்ல. அந்தக் காலத்துல இப்பிடியா? வந்து இறங்கின உடனே நாயெல்லாத்தயும் குளத்துக்கு அங்கால கொண்டுபோய்க் கட்டிப்போட்டுத்தான் ஊருக்குள்ள காலடி வைப்பாங்க. முஸ்லிம் ஊர் எண்டு ஒரு மரியாத. எங்கட உம்மா அவங்கட பொம்பளயளுக்குத் தண்ணி அள்ளி ஊத்துவா. அது ஆக்கள். இவங்களுக்கு ஒண்டும் தெரியா.”

டி.எஸ். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. அந்தக் காலத்தில் வந்தார்கள் என்று மனுசன் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். நான் கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிட்டேன். சுகந்தி என் கையைக் கீழே இழுத்தாள்.

அவள் ரங்கன்னாவிடம் திரும்பித் தெலுங்கில் பேசினாள். கிழவர் கேட்டுக்கொண்டு நின்றார். நாய் என்ற இடம் வந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார்.

சுகந்தி எழும்பினாள்.

“சேர், ஹாஜியார் சொல்றது சரி. பிழை எங்கட பக்கம்தான். அவர்ட அப்பா அங்காலதான் கட்டுவாராம். கூட வந்திரிக்கிற பொடியனுகளுக்கு அது தெரியா. அவனுகள் வளந்த காலம் முழுக்க இந்தப் பக்கம் காடு. பள்ளிவாசல் உள்ள ஊர் ஒண்டில அவனுகள் தங்கினதே இல்ல. பழகிறதுக்கு ஊர் இருக்கல்லயே, சேர். இண்டைக்கே கட்டச் சொல்றாராம்.”

ஹாஜியார் எதிர்பார்த்தது வாதாட்டம். கிடைத்தது மன்னிப்பு. அவர் மெல்ல இருந்தார்.

“இன்னொண்டும் கேக்கிறார்” என்றாள் சுகந்தி. இந்த முறை டி.எஸ்ஸைப் பார்க்கவில்லை, ஹாஜியாரைப் பார்த்தாள். “வேப்ப மரத்துக் கிணத்தடியில தண்ணி ஊத்திற கதீஜா உம்மா இரிக்கிறாவாம்? சுகமா இரிக்கிறாவா எண்டு கேக்கச் சொல்றார்.”

ஹாஜியார் கதவடியில் நின்ற மனிதரை அன்றுதான் முதன்முறையாக நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“உம்மா புத்தளத்துல மௌத்தாகிட்டா,” என்றார். “ஊருக்குப் போகணும், ஊருக்குப் போகணும் எண்டுதான் கடைசி வரைக்கும்.”

அதைத் தெலுங்கில் சொல்லத் தேவை வரவில்லை. ரங்கன்னா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

டி.எஸ். துணியை வைத்தார். “அப்ப ஹாஜியார், இவை முந்தியும் வாறவையோ?”

பக்கத்தில் இருந்த ஊரவர் ஒருவர் ஹாஜியாரின் காதில் ஏதோ சொன்னார். மைதானம் என்ற சொல் எனக்கும் கேட்டது. இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் அவரை மறுத்துப் பேச ஒருவரும் இருக்கவில்லை.

“ஓம் சேர்,” என்றார் ஹாஜியார். “வாற ஆக்கள்தான். எங்கட ஊருக்கு வாற ஆக்கள்.”

மைதானம் வரும், ஆனால் மருத மரத்துப் பக்கம் கம்பி வராது. கோடையில் ஒரு கிழமை அந்த இடம் அவர்களுக்கு. நாய்கள் குளத்துக்கு அங்கால. இவ்வளவுதான் முடிவு. வெளியே வந்ததும் சுகந்தி பின் வளவுக்குப் போய் நின்று அழுதாள். நான் பார்க்காதது போல மோட்டார் சைக்கிளைத் துடைத்தேன். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

படம் எடுக்க வந்தவர்கள்

இந்த வெற்றியைப் படம் எடுக்க கொழும்பிலிருந்து இருவர் வெள்ளை வாகனத்தில் வந்தார்கள். கூட்டிக்கொண்டு போனேன். மரத்தடியில் கரி பிடித்த அடுப்புக் கற்களும் சாம்பலும் கிடந்தன. ஒரு குருவியும் இல்லை.

“பயனாளிகள் எங்க?”

“போயிட்டினம்.”

“உரிமை கிடைச்ச உடனேயே போயிட்டாங்களா?”

“கிழமை முடிஞ்சுது” என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் அவ்வளவு இயல்பாக வந்ததை நினைத்து எனக்கே ஆச்சரியம். கடைசியில் அவர்கள் அடுப்புக் கற்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நாளில் சுகந்தியின் பயிற்சியும் முடிந்தது. டொமினிக் பஸ் நிலையம் வரை பையைத் தூக்கி வந்தான். அவள் ஒரு கழுதையிடமும் என்னிடமும் விடைபெற்றாள், முதலில் கழுதையிடம். ஊரில் தன் சனங்களுக்காக ஒரு சின்னக் கந்தோர் தொடங்கியதாகப் பிறகு அறிந்தேன்.

ஒரு தொலைபேசி அழைப்பு

அடுத்த வருடம், சோளகம் தொடங்கிச் சில நாள் கழிந்த ஒரு காலை. கந்தோரில் வழக்கமான சனம். தொலைபேசி அடித்தது. காசிம் ஹாஜியார்.

எல்லோருடைய சுகத்தையும் ஒழுங்காக விசாரித்தார். மழை, பயிர், மைதானம், போன வாரம் நடந்த பந்து விளையாட்டு எல்லாம் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ், அந்தப் புள்ளட ஆக்கள் இன்னம் வரல்லயே. காத்துத் தொடங்கி எத்தின நாள். ஏதும் சுகமில்லையா? உம்மாட கிணத்த இறைச்சுத் துப்பரவாக்கி வச்சிருக்கன். எப்ப வருவாங்க எண்டு அந்தப் புள்ளயிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க.”

அவர்கள் பிந்தித்தான் வந்தார்கள். இறங்கியதும் பொடியன்மார் முதல் வேலையாக நாய்களைக் குளத்துக்கு அங்கால கொண்டுபோனார்கள் என்று ஹாஜியாரே பிறகு சொன்னார். ஆனால் அன்று காலை எனக்கு அது தெரியாது. வாசலில் நின்ற சனத்தைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுச் சுகந்திக்கு அழைத்தேன். ஹாஜியார் சொன்னதை அப்படியே சொன்னேன்.

இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து, “பிள்ளை, கேக்குதோ?” என்றேன்.

“கேக்குது அக்கா. அவர் என்ன கேட்டார்?”

“எப்ப வருவினம் எண்டு கேட்டவர்.”

“இன்னொருக்காச் சொல்லுங்க அக்கா.”

“எப்ப வருவினம் எண்டு,” என்றேன்.